வெறும் மண்டபமும் தனிக் கதிரையும்: மட்டக்களப்பிலிருந்து ஒரு மாளிகைச் சுற்றுலா

மட்டக்களப்பிலிருந்து கண்டிக்கும் கொழும்புக்கும் ஆட்களை ஏற்றிச் செல்லும் சுற்றுலா வான்களுக்குக் குறைவே இல்லை. தலதா மாளிகை, பேராதனைப் பூங்கா, தெகிவளை மிருகக்காட்சிச்சாலை, காலிமுகத்திடல் என்ற வழமையான வரிசையை விட்டு அவை விலகுவதும் இல்லை. ஆகவே, பழைய அரண்மனைகளையும் பெருவீடுகளையும் மட்டுமே காட்டும் இரண்டு நாள் பயணம் என்று நகரத்து ஏற்பாட்டாளர் ஒருவர் துண்டுப்பிரசுரம் விட்டபோது, வரலாறு கற்பித்து ஓய்வுபெற்ற எனக்கும், வரலாறு என்றாலே கொட்டாவி விடும் என் தங்கைக்கும் ஒரே நேரத்தில் ஆசை பிறந்தது. ஒருவருக்கு 16,500 ரூபாய். வெள்ளவத்தையில் ஓர் இரவுத் தங்கலும், காலை உணவுகளும், நுழைவுச்சீட்டுகளும் அதற்குள் அடக்கம். ஏற்பாட்டாளரின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. நான் சொல்லவிருக்கும் குறைகள் திருத்திக்கொள்ளக் கூடியவை. அவர் தொழிலுக்குப் புதியவர்.

அதிகாலை நான்கு மணிக்குக் காந்தி பூங்காவின் முன்னால் பதினான்கு பேர் ஏறினோம். செங்கலடியில் திரும்பி, கரடியனாறு, மகாஓயா, பதியத்தலாவை கடந்து, மகியங்கனையில் புட்டும் பிளேன்ரீயும் முடித்துக்கொண்டு, பதினெட்டு வளைவில் ஏறிக் கண்டியை அடைவது திட்டம். இந்தப் பாதையைத் தேர்ந்ததற்காக ஏற்பாட்டாளரை முதலில் பாராட்ட வேண்டும். 1602ஆம் ஆண்டில் யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் என்ற ஒல்லாந்தக் கடற்படைத் தலைவர் மட்டக்களப்பில் கரையிறங்கி, அக்காலத்தில் விந்தனை எனப்பட்ட மகியங்கனைப் பக்கமாகவே மலையேறிச் சென்று, கண்டி மன்னன் முதலாம் விமலதர்மசூரியனைச் சந்தித்தார். ஒல்லாந்தருக்கும் கண்டி அரசுக்கும் இடையிலான உறவு எங்கள் வாவிக்கரையில் தொடங்கி இந்த வழியாகத்தான் மேலே ஏறியது. அதன் தொடர்ச்சியாகவே 1638இல் இரண்டாம் இராஜசிங்கனின் துணையோடு ஒல்லாந்தர் எங்கள் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பறித்தனர். கோட்டை மதிலைத் தினமும் பார்த்துக்கொண்டு போகிறவர்களுக்கு, அந்த மதிலின் மறுமுனை கண்டியில் இருக்கிறது என்று சொல்லிக் கூட்டிப்போக இதைவிட நல்ல வழி இல்லை.

ஆனால் அதைச் சொல்ல வேண்டிய வழிகாட்டி முன்னிருக்கையில் தூங்கிக்கொண்டிருந்தார். வளைவுகளின் மேலே ஏறி, ஹுன்னஸ்கிரிய தாண்டி, மெதமகாநுவரவை வான் கடந்தபோதும் அவர் விழிக்கவில்லை. கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1815 பெப்ரவரி 18ஆம் திகதி பிடிபட்டது அந்தப் பகுதியில்தான். தலைநகரை விட்டுக் கிழக்கே ஓடிவந்த மன்னனை எதிர்த்திசையில் கடந்து, அவன் கைவிட்ட அரண்மனைக்கு நாங்கள் போய்க்கொண்டிருந்தோம். ஐந்து நிமிடம் வானை ஓரங்கட்டி நான்கு வசனம் பேசியிருந்தால் அன்றைய நாள் முழுவதற்கும் அது முன்னுரையாக அமைந்திருக்கும்.

கண்டியில் நேரப் பங்கீடு தலைகீழாக இருந்தது. தலதா மாளிகைக்கு இரண்டரை மணி நேரமும், அரண்மனைக் கட்டடங்களுக்கு நாற்பது நிமிடமும் ஒதுக்கியிருந்தார்கள். வழிபட வந்தவர்களின் வரிசைக்குள் நின்று உள்ளே போவதற்கு அவ்வளவு நேரம் பிடிக்கும் என்பது உண்மையே. அந்த நேரத்தை யாரும் வீண் என்று சொல்லவும் மாட்டார்கள். ஆயினும் பிரசுரத்தில் அச்சிட்டிருந்தது அரண்மனை. தலதா மாளிகையும் அந்த அரண்மனை வளாகத்தின் ஒரு பகுதிதான் என்பதையாவது விளக்கியிருக்கலாம். ஏரிப் பக்கமாகத் துருத்திக்கொண்டு நிற்கும் எண்கோண மண்டபமான பத்திரிப்புவவை ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் தேவேந்திர மூலாச்சாரியைக் கொண்டு கட்டுவித்தான். மன்னன் மக்களுக்குக் காட்சி கொடுத்த அந்த மேடை இன்று ஓலைச்சுவடி நூலகமாக இருக்கிறது. முன்னால் அலையலையாக ஓடும் வெள்ளை மதிலுக்குச் சிங்களத்தில் மேகமதில் என்று பெயர். அதில் முக்கோண மாடங்கள் வரிசையாகக் குடையப்பட்டிருக்கின்றன. அவை அகல் விளக்குகள் வைப்பதற்கானவை. எங்கள் கார்த்திகை விளக்கீட்டை நினைத்துக்கொண்டு அந்த மதிலைப் பார்த்தால் அது எதற்காக அவ்வாறு நெளிகிறது என்பது சட்டென்று விளங்கும்: எல்லா மாடங்களிலும் சுடர் எரியும் இரவுக்காகவே அது கட்டப்பட்டது போலத் தோன்றும்.

இந்தப் பயணத்தின் மிகச் சிறந்த கால் மணி நேரத்தை எங்களுக்குக் கொடுத்தவர் வழிகாட்டி அல்லர். ஆரையம்பதியிலிருந்து மகனோடு வந்திருந்த ஓடாவியார் (தச்சர்) ஒருவர். மகுல் மடுவ எனப்படும் அரசவை மண்டபத்தை இராஜாதி ராஜசிங்கன் 1780களில் கட்டத் தொடங்கினான். பிரித்தானியர் காலத்தில் அது நீட்டிக்கப்பட்டது. சுவர்கள் இல்லை, ஓட்டுக்கூரையைச் செதுக்கிய மரத்தூண்கள் வரிசை வரிசையாகத் தாங்குகின்றன, அவ்வளவுதான். மற்றவர்கள் கூரையை அண்ணாந்து படம் எடுத்துக்கொண்டிருக்க, ஓடாவியார் ஒரு தூணின் அடியில் குந்தியிருந்து, தொடாமல், விரலால் காற்றில் கோடு போட்டுப் பார்த்தார். தூண் கீழே சதுரமாக எழும்புகிறது, பிறகு நான்கு மூலைகளையும் சீவி எட்டுப்பட்டையாகிறது, மீண்டும் சதுரம், அந்தச் சதுர முகத்தில் பூ வேலைப்பாடு, மறுபடியும் எட்டுப்பட்டை, உச்சியில் நான்கு திசைக்கும் கைநீட்டும் போதிகை, அதன் நுனிகளில் தாமரை மொட்டுக் கவிழ்ந்து தொங்குகிறது. சதுரத்தை விட்டுவைத்த இடங்களில்தான் மரத்தின் முழுப் பருமனும் தெரிகிறது என்றும், எட்டுப்பட்டைப் பகுதி முழுவதும் அந்தப் பருமனிலிருந்து கழித்து எடுத்தது என்றும், ஆகவே ஒரு தூணில் செதுக்கி எறிந்த மரமே ஒரு வீட்டுக்கு நிலை யன்னல் செய்யக் காணும் என்றும் அவர் மகனுக்குச் சொல்லிக்கொண்டிருந்ததை நாங்கள் ஏழெட்டுப் பேர் சூழ நின்று கேட்டோம். என் தங்கையும் கேட்டாள், கொட்டாவி விடவில்லை.

எழும்பி நின்றவர் மண்டபத்தை ஒருமுறை நீளவாட்டில் பார்த்துவிட்டு வழிகாட்டியிடம் கேட்டார்: “மறுகா, ராசா இருந்த கதிரை எங்க தம்பி?”

“அது கொழும்பில ஐயா. நாளைக்குக் காட்டுறன்.”

அந்தப் பதிலில் இந்தப் பயணத்தின் முழுப் பெறுமதியும் இருக்கிறது. முழுக் குறையும் இருக்கிறது. 1815 மார்ச் 2ஆம் திகதி கண்டிப் பிரதானிகளும் பிரித்தானியரும் ஒப்பந்தம் செய்து அரசைக் கைமாற்றியது இதே மண்டபத்தில். அதற்குப் பின் மன்னனும் இங்கே இல்லை, சிம்மாசனமும் இல்லை. மண்டபத்தை இன்றும், கதிரையை நாளையும் காட்டும் ஒரு பயணம் வேறு எதையும் காட்டாவிட்டாலும் போதுமானதே. ஆனால் இந்த இரண்டையும் முடிச்சுப் போடுவதற்கு அந்த ஒரு வரியைத் தவிர வழிகாட்டியிடம் வேறு சொல் இருக்கவில்லை.

எஞ்சிய இருபது நிமிடத்தில் பார்த்தவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். அரசிமாரின் இருப்பிடமாக இருந்த பல்லே வாசல இன்று கண்டித் தேசிய நூதனசாலையாக இயங்குகிறது. அங்கே 1815 ஒப்பந்தத்தின் பிரதி ஒன்று உண்டு. மண்டபத்தைப் பார்த்த கையோடு அதைப் பார்ப்பது நல்லது. மன்னனின் நீண்ட மாளிகை தொல்பொருள் நூதனசாலையாக இருக்கிறது. அதை வாசலோடு கடந்தோம். ஏரிக்கரையில் பாதி தண்ணீருக்குள் நிற்கும் உல்பென்கே, அரசிமார் குளித்த மண்டபம். பிரித்தானியர் அதன்மேல் ஒரு மாடி எழுப்பி நூலகமாக்கினார்கள். பின்னர் அது பொலிசாரிடம் போனது. மெத வாசல என்ற சிறிய மாளிகையை மட்டும் நானும் தங்கையும் கூட்டத்தை விட்டுப் பிரிந்துபோய்ப் பார்த்தோம். தடித்த சுவர்களுக்கு நடுவே திறந்த முற்றம். அதைச் சுற்றித் திண்ணையும் தாழ்வாரமும். அரண்மனை என்றவுடன் திரைப்படங்களில் வரும் மாடிப்படிகளையும் தொங்குவிளக்குகளையும் எதிர்பார்த்துப் போகிறவர்கள் இங்கே ஏமாறுவார்கள். படுவான்கரைப் பழைய போடியார் வீடு ஒன்றில் நெல் மூடைகளை அகற்றிவிட்டுப் பார்த்தால் எப்படி இருக்குமோ அப்படித்தான் இதுவும் இருக்கிறது. எனக்கு அது ஏமாற்றமாக இல்லை. மாறாக, 1739 முதல் 1815 வரை கண்டியை ஆண்ட நான்கு மன்னர்களும் தென்னிந்திய நாயக்க வழியினர் என்பதும், கடைசி மன்னன் முடிசூடுவதற்கு முன் கண்ணுசாமி என்று அழைக்கப்பட்டவன் என்பதும், அந்த முற்றத்தில் நின்றபோதுதான் பாடப்புத்தக வரிகளாக இல்லாமல் மனத்தில் உறைத்தன.

அவனைப் பற்றி வழிகாட்டி பேசியதெல்லாம் கண்டிப் பிரதானி எஹெலபொலவின் மனைவி மக்களுக்கு அவன் கொடுத்த மரண தண்டனை பற்றியே. 1814இல் நடந்த அந்தக் கொடுமையை மறைக்க வேண்டும் என்று நான் கூறவில்லை. ஆனால் எஹெலபொலவின் வளவ்வ ராஜ வீதியில், நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. பிரித்தானியருக்குக் கைகொடுத்த அந்தப் பிரதானியையே அவர்கள் பின்னர் மொரீசியசுக்கு நாடுகடத்த, 1829இல் அவர் அங்கேயே இறந்தார். வீட்டைச் சிறைச்சாலைக்குப் பயன்படுத்தினார்கள். இன்று அது மெழுகுச் சிலைக் காட்சியகம். கதையின் இரண்டாம் பாதி அங்கே கிடக்க, வழிகாட்டி வானில் இருந்தபடியே முதல் பாதியை மட்டும், அதுவும் பிள்ளைகளின் முன்னிலையில் உரலும் உலக்கையுமாக விவரித்தார். இந்த வளவ்வ என்ற சொல்லையாவது எங்கள் ஆட்களுக்கு எடுத்துக் காட்டியிருக்கலாம். சிங்களத்தில் அது பிரபுவின் மாளிகை. எங்களுக்கு வளவு என்றால் வீடும் கிணறும் நாலு தென்னையும் வேலியும் சேர்ந்த காணி. ஒரே சொல் ஏரிக்கரையில் ஏறியபோது மாடி கட்டிக்கொண்டது.

இங்கே இரண்டு மணி நேரம் கூடுதலாக இருந்திருந்தால் எல்லாவற்றையும் ஆறுதலாகப் பார்த்திருக்கலாம். அதில் பாதிக்கும் மேல் எங்கே போனது என்பது கடுகண்ணாவ இறக்கத்துக்குப் பின் தெரிந்தது. வான் ஒரு வாசனைத் திரவியத் தோட்டத்துக்குள் திரும்பியது. ஏலமும் கராம்பும் ஒரு மரத்துக்கு ஒன்றாக நிற்க, முடி வளர்க்கும் எண்ணெயை என் தங்கையின் கையில் தேய்த்துக் காட்டினார்கள். ஒரு மணி நேரமும் பத்து நிமிடமும் கழிந்தது. இந்தத் தரிப்பு பிரசுரத்தில் இல்லை. ஓட்டுநருக்கும் வழிகாட்டிக்கும் அங்கே பகல் உணவு இலவசம் என்பதைக் கண்ணால் கண்டோம். அதற்குமேல் எதுவும் இருந்ததா என்று நான் விசாரிக்கவில்லை. ஏற்பாட்டாளர் வேறு எதையும் திருத்தாவிட்டாலும் இதைத் திருத்த வேண்டும்.

வெள்ளவத்தை விடுதி சுத்தமாக இருந்தது. தோசை சூடாக வந்தது. அதற்குமேல் சொல்ல எதுவுமில்லை.

இரண்டாம் நாள் காலையில் கோட்டைப் பகுதியைச் சுற்றினோம். கொழும்பின் பெருவீடுகளில் பாதி, சுற்றுலாப் பயணிக்குக் கதவு திறக்காதவை. இதை ஏற்பாட்டாளர் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். ஜனாதிபதி மாளிகை, ஒல்லாந்தரின் கடைசி ஆளுநரான வான் ஆங்கெல்பெக் தமக்குக் கட்டிய வீடு. 1804இல் பிரித்தானிய அரசு அதை வாங்கி ஆளுநரின் இல்லமாக்கியது. முன்னால் நிற்கும் ஆளுநர் எட்வேட் பார்ன்ஸ் சிலையிலிருந்துதான் கொழும்பிலிருந்து புறப்படும் வீதிகளின் தூரத்தை அளந்தார்கள். 2022 யூலை 9ஆம் திகதி ஆயிரக்கணக்கானோர் அதற்குள் புகுந்து கட்டிலில் படுத்தும் நீச்சல் குளத்தில் குளித்தும் படம் எடுத்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் என்பதால், அந்த மாளிகையின் உள்ளறைகள் பற்றி வானில் இருந்தவர்களுக்கு வழிகாட்டியைவிடக் கூடுதலாகத் தெரிந்திருந்தது. காலி வீதியில் அலரி மாளிகையும் மதில் மட்டும்தான். கறுவாத்தோட்டத்து வீதிகளில் வான் மெதுவாக ஊர்ந்தது. வெள்ளைத் தூண்களும் போர்டிகோக்களும் கேற்றுகளுக்கு மேலாக எட்டிப் பார்த்தன. இப்படி வெளியே நின்று பார்ப்பதற்கு முக்கால் மணி நேரம் மிக அதிகம்.

அந்த முக்கால் மணியைப் புறக்கோட்டையில் செலவிட்டிருக்கலாம் என்பது என் முதன்மையான ஆலோசனை. அங்கே பிரின்ஸ் வீதியில் தூண் விறாந்தையோடு நிற்கும் ஒல்லாந்தக் கால வீடு, 1690களில் ஆளுநராக இருந்த தோமஸ் வான் ரீயின் இல்லமாக இருந்தது. அது பிற்காலத்தில் வைத்தியசாலையாகவும் தபாலகமாகவும் மாறி, 1982இல் ஒல்லாந்தர் கால நூதனசாலையாகத் திறக்கப்பட்டது. அந்த ஆளுநரின் பதவிக் காலத்தில்தான், 1693இல், ஒல்லாந்தர் ஒரு சிம்மாசனத்தைச் செய்வித்துக் கண்டி மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியனுக்குப் பரிசளித்தனர். ஓடாவியார் தேடிய கதிரை அதுவே. கதிரையைக் கொடுத்தவர் வீட்டு வாசலுக்கு ஒரு கிலோமீற்றர் தூரத்தில் நாங்கள் மதில்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பதினொரு மணிக்கு, பகத்தல வீதியில் இருந்து பிரியும் 33ஆம் ஒழுங்கையில் கட்டடக்கலைஞர் ஜெப்ரி பாவாவின் 11ஆம் இலக்க வீட்டுக்குப் போனோம். இந்த ஏற்பாட்டுக்கு முழுப் புள்ளி கொடுக்கலாம்: முன்பதிவு சரியாக இருந்தது, சிறிய வீடு என்பதால் எங்களை ஏழு ஏழு பேராகப் பிரித்து அனுப்பினார்கள். அந்தக் காணிகளே ஒரு பெருவீட்டின் மிச்சம். பகத்தல வளவ்வ என்ற மாளிகையில் செல்வந்தர் சார்ள்ஸ் ஹென்றி டி சொய்சா 1870இல் விக்டோரியா மகாராணியின் மகன் அல்பிரட் இளவரசருக்குத் தங்கத் தட்டில் விருந்து வைத்தார். அதனால் மாளிகைக்கு அல்பிரட் ஹவுஸ் என்று பெயர் மாறியது. மாளிகை போய்விட்டது, பெயர்ப்பலகைகளில் வீதிப் பெயராக மட்டும் அது வாழ்கிறது. அதன் ஒழுங்கையொன்றில் வரிசையாக இருந்த நான்கு சிறு வீடுகளில் ஒன்றை 1958இல் வாடகைக்கு எடுத்த பாவா, பத்து ஆண்டுகளில் நான்கையும் வாங்கி ஒன்றாக்கினார். சட்டத்தரணியாகத் தொழில் தொடங்கி, முப்பத்தெட்டு வயதில் கட்டடக்கலைஞராகத் தகுதிபெற்று, கோட்டேயில் 1982இல் திறக்கப்பட்ட பாராளுமன்றத்தை வடிவமைத்தவர் அவர்.

உள்ளே நுழைந்தால் பழைய கார் நிற்கும் இடத்திலிருந்து ஒரு வெள்ளை நடை நீளமாக உள்ளே இழுத்துச் செல்கிறது. நான்கு வீடுகளுக்கு இடையே இருந்த வெற்றிடங்களெல்லாம் சிறு முற்றங்களாகிவிட்டன. நடையின் முடிவில் ஒளி மேலிருந்து விழுகிறது. அந்த ஒளியில் நிற்பவை செட்டிநாட்டு வீடுகளிலிருந்து கொண்டுவந்த தூண்கள். ஓடாவியார் அவற்றின் முன்னால் நெடுநேரம் நின்றார்; கண்டித் தூண் போல அல்லாமல், இது பட்டை மாறாமல் உருண்டையாகக் கடைந்தது என்று மகனிடம் சொன்னார். கொழும்பின் மையத்தில் இருந்தும் அந்த வீட்டுக்குள் வாகன இரைச்சல் கேட்கவில்லை. மட்டக்களப்பில் இப்போது எழும் புதுவீடுகள் எல்லாம் முற்றத்தை மூடி ரைல்ஸ் போட்டுக் குளிரூட்டி பூட்டுகின்றன. வீடு கட்ட நினைக்கிறவர்கள் இந்த ஒரு வீட்டுக்காகவே இந்தப் பயணத்தில் சேரலாம்.

கடைசியாகத் தேசிய நூதனசாலை. ஆளுநர் வில்லியம் கிரகரியின் முயற்சியில் 1877 ஜனவரி முதலாம் திகதி திறந்த அந்த வெள்ளைக் கட்டடமும் பார்ப்பதற்கு ஓர் அரண்மனையே. ஜேம்ஸ் ஸ்மிதர் வரைந்ததைக் கட்டி முடித்தவர் வாப்பிச்சி மரிக்கார். என்ன வெகுமதி வேண்டும் என்று ஆளுநர் கேட்டபோது, வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலையை மூடிவைத்தால் போதும் என்று அவர் கேட்டதாக ஒரு கதை வழங்குகிறது. எங்கள் வானில் வந்த காத்தான்குடித் தம்பதியருக்கு அந்தக் கதையை நான்தான் சொன்னேன்.

சிம்மாசனம் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. மரத்தின்மேல் மெல்லிய பொற்தகடு போர்த்தியது. இரண்டு கைகளும் சிங்கங்கள், அவற்றின் கண்களில் கற்கள். முதுகின் உச்சியில் சூரியன். வடிவம் முழுவதும் ஐரோப்பியக் கதிரை. சூரியனும் சிங்கமும் மட்டும் கண்டிக்காக. 1815இல் பிரித்தானியர் கையில் சிக்கி இங்கிலாந்துக்குப் போய், வின்ட்சர் கோட்டையில் இருந்துவிட்டு, 1934இல் திரும்பி வந்தது. அதில் கடைசியாக இருந்தவன் திரும்பவில்லை. 1816இல் கப்பலேற்றப்பட்டு, வேலூர்க் கோட்டையில் 1832இல் இறந்தான். ஓடாவியார் சிங்கத்தின் முன்னங்கால் கதிரைக் காலோடு சேரும் இடத்தைக் குனிந்து பார்த்தார். பொற்தகடு பொருத்தை மூடிவிட்டது. தகட்டுக்குக் கீழே உள்ளவனின் வேலையைப் பார்க்க விடாமல் செய்துவிட்டார்கள் என்று சலித்துக்கொண்டார். வழிகாட்டி கைக்கடிகாரத்தைக் காட்டினார்.

திரும்பும் வழியில் கோட்டேயில் நிற்பதாகப் பிரசுரத்தில் இருந்தது, நிற்கவில்லை. 1565இல் கைவிடப்பட்ட அந்தத் தலைநகரில் அரண்மனை என்று காட்ட இன்று பெரிதாக ஒன்றுமில்லை என்பதால் நான் அதைக் குறையாக எடுக்கவில்லை.

அடுத்த பயணத்தைப் பள்ளிக்கூட விடுமுறைக்கு ஒழுங்கு செய்கிறார்களாம். சேர்கிறவர்கள் மூன்றை முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும்: வாசனைத் தோட்டம் வேண்டாம், கண்டியில் மெத வாசலக்கும் எஹெலபொல வளவ்வவுக்கும் நேரம் வேண்டும், கறுவாத்தோட்டத்துக்குப் பதிலாகப் புறக்கோட்டை வேண்டும், அங்குள்ள ஒல்லாந்தக் கால வீடு அன்று திறந்திருக்கிறதா என்று விசாரித்துவிட்டு. முழங்கால் வருத்தம் உள்ளவர்கள் தலதா மாளிகை வரிசைக்கு ஒரு மடிப்புக் கதிரையைக் கொண்டுபோவது நல்லது. நாங்கள் நள்ளிரவு ஒன்றரைக்குக் காந்தி பூங்காவில் இறங்கினோம். ஓட்டுநர் ஒவ்வொருவருக்கும் முச்சக்கரவண்டி கிடைக்கும்வரை காத்து நின்றுவிட்டே போனார்.